வட்டி தவறாமல் வருகிறது, அசல் எங்கே? பெங்களூரு முதலீட்டு மோசடிகள் காட்டும் கணக்கு

பெங்களூரு: தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லிங்கராஜபுரத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் சிவாஜிநகர், கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் ராமமூர்த்தி நகர். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் பகுதியிலும், 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாவது பகுதியிலும் ஒரே வகையான அதிர்ச்சி நிகழ்ந்தது. பல ஆண்டுகளாக மக்களிடம் பணம் திரட்டி வந்த நிறுவனத்தை நடத்தியவர்களைத் திடீரென்று காணவில்லை. தொலைபேசிகள் அணைக்கப்பட்டிருந்தன. ரசீதுகளையும் ஒப்பந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு மக்கள் காவல்துறையை நாடினர்.

இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே ஆறு ஆண்டுகள். பணம் போட்டவர்களின் சமூகம் வேறு, நிறுவனத்தின் வடிவம் வேறு, தொகையின் அளவும் வேறு. ஆனால் மக்கள் நம்பியதற்கான காரணம் மட்டும் ஒன்றே: ‘இத்தனை வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் தந்தார்கள்.’

இத்தகைய மோசடிகள் வெளிவரும்போதெல்லாம் ஏமாந்தவர்களின் பேராசையைக் குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை அல்ல. ஓய்வூதியப் பணத்தையோ, மகளின் திருமணத்துக்குச் சேர்த்த தொகையையோ ஓரிடத்தில் போடுமுன் பெரும்பாலான குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்கவே செய்கின்றன. தவறு, அவர்கள் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. ‘ஒழுங்காகத் தருகிறார்களா?’ என்றுதான் கேட்கிறார்கள். தவறாத பட்டுவாடா, நேர்மையான நிறுவனத்துக்கும் மோசடி நிறுவனத்துக்கும் பொதுவான குணம் என்பதை இந்த இரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

சிவாஜிநகர்: வைப்பாளர் அல்ல, பங்குதாரர்

ஐ மானிட்டரி அட்வைசரி என்ற ஐஎம்ஏ நிறுவனம் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்களிடம், மார்க்கம் அனுமதிக்கும் வணிக லாபப் பங்கு என்ற பெயரில் அது பணம் திரட்டியது. மாதத்துக்கு 2.5 முதல் 3 சதவீதம் வரை லாபம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஊட்டப்பட்டதாகச் செய்திகள் தெரிவித்தன. நகைக்கடை, மருந்தகம் எனக் கண்முன் தெரியும் கிளைத் தொழில்கள் இருந்தன. சிவாஜிநகரில் உள்ள ஓர் அரசுப் பள்ளியை மேம்படுத்த அந்த நிறுவனம் செலவிட்டது. பள்ளிக்கூடம் கட்டித் தருபவர் ஏமாற்றுவாரா என்ற எண்ணம் எழுவது இயல்பே.

2019 ஜூன் இரண்டாவது வாரத்தில், நிறுவனர் முகமது மன்சூர் கான் பேசியதாக ஓர் ஒலிப்பதிவு பரவியது. அதற்குள் அவர் துபாய்க்குச் சென்றுவிட்டிருந்தார். சில நாட்களிலேயே பல்லாயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன. ஜூலை 19ஆம் தேதி தில்லி விமான நிலையத்தில் அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையான சிபிஐயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து சுமார் 4,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அந்த அமைப்பு தெரிவித்தது.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. பணம் கொடுத்த பலர், தாளில் வைப்பாளர்களாகக் காட்டப்படவில்லை. வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை எனப்படும் எல்எல்பி நிறுவனங்களின் பங்குதாரர்களாக அவர்கள் சேர்க்கப்பட்டிருந்தனர். வைப்பாளர் என்றால் அவர் கொடுத்தது திருப்பித் தரவேண்டிய கடன். பங்குதாரர் என்றால் அவர் கொடுத்தது தொழிலின் மூலதனம். லாபத்தைப் போலவே நட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரே கையெழுத்தில் ஒருவருடைய சட்ட நிலை தலைகீழாக மாறிவிடுகிறது. ‘நாங்கள் வைப்புத்தொகையே வாங்கவில்லை’ என்று நிறுவனம் வாதிட இதுவே வழிவகுத்தது.

அரசுத் தரப்பும் விழிப்பாக இருக்கவில்லை. இந்த நிறுவனம் குறித்து ரிசர்வ் வங்கி மாநில அரசை முன்பே எச்சரித்திருந்தது. வருவாய்த் துறை விசாரணையும் நடந்தது. ஆனால் நிறுவனத்துக்குச் சாதகமாக அறிக்கை அளிக்க லஞ்சம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, வருவாய்த் துறை அதிகாரிகள் 2019 ஜூலையில் கைதாயினர்.

ராமமூர்த்தி நகர்: சீட்டும் நிதியும் ஒரே கூரையில்

2025 ஜூலை தொடக்கத்தில் ராமமூர்த்தி நகர் காவல் நிலையத்தில் ‘ஏ அண்ட் ஏ சிட் ஃபண்ட்ஸ் அண்ட் ஃபைனான்ஸ்’ நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானது. அதை நடத்தியவர்கள் கேரளத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி. சுமார் இருபது ஆண்டுகளாக அப்பகுதியில் தொழில் நடத்தி வந்தவர்கள் என்பதால், குறிப்பாக மலையாளி குடும்பங்களிடையே அவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது. ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் வரை வட்டி தருவதாகக் கூறிப் பணம் பெற்றதாகப் புகார்கள் கூறின. முதல் புகாரைத் தொடர்ந்து சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புகார் அளித்தனர். தம்பதி நாட்டைவிட்டு வெளியேறியிருப்பது விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் வெளியாயின. இந்தக் குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியவை.

இங்கே கவனிக்க வேண்டியது வட்டி விகிதம். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில், மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகக் கூறப்பட்டது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறியது. அந்த அளவு வாக்குறுதியைக் கேட்டவுடன் பலருக்குச் சந்தேகம் வரும். ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் வருவதில்லை. வங்கியைவிடச் சற்றுக் கூடுதல், கந்துவட்டியைவிடக் குறைவு. ஆகவே நியாயமானது என்றே தோன்றும்.

அமெரிக்காவில் பெர்னார்டு மேடாஃப் பல்லாண்டுகள் நடத்திய மோசடியும் இப்படிப்பட்டதே. அவர் வானளாவிய லாபம் காட்டவில்லை. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத, மிதமான லாபத்தையே காட்டினார். 2008 டிசம்பரில் அவர் கைதானார். அடுத்த ஆண்டு அவருக்கு 150 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ‘அளவுக்கு மீறிய லாபமே மோசடியின் அடையாளம்’ என்ற பொது எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கு அது சான்று.

சொந்தப் பணமே வட்டியாகத் திரும்பும் விதம்

தவறாத பட்டுவாடா ஏன் ஆதாரமாகாது என்பதை எளிய கணக்கு ஒன்று விளக்கும்.

ஒருவர் 10 லட்சம் ரூபாய் கொடுக்கிறார். மாதம் 3 சதவீதம் என்ற கணக்கில் அவருக்கு 30,000 ரூபாய் வருகிறது. நிறுவனம் அந்தப் பணத்தை எந்தத் தொழிலிலும் போடவில்லை, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறது என்றே கொள்வோம். அப்போதும் அந்த அலமாரியிலிருந்து மாதம் 30,000 ரூபாய் எடுத்து 33 மாதங்களுக்கு அவருக்கே கொடுத்துக்கொண்டிருக்க முடியும். இரண்டே முக்கால் ஆண்டுகள் ஒரு நாள்கூடத் தவறாமல் ‘லாபம்’ வரும். அவ்வளவும் அவருடைய அசல்.

வட்டி குறைந்தால் நாடகம் இன்னும் நீளும். ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் ஐந்து ஆண்டுகள். 15 சதவீதம் என்றால் ஆறு ஆண்டு எட்டு மாதங்கள். மிதமான வட்டி நிறுவனத்தின் நேர்மைக்கு அடையாளம் என்று கருதுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும். குறைந்த வட்டி, மோசடியின் ஆயுளைக் கூட்டவே செய்கிறது.

அதற்குள் புதியவர்கள் சேர்கிறார்கள். புதிதாக வரும் ஒருவரின் 10 லட்சம் ரூபாய், பழையவர்கள் 33 பேருக்கு ஒரு மாத வட்டி கொடுக்கப் போதுமானது. புதியவரை அழைத்து வருபவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் முகவர் அல்ல. வட்டி வாங்கி மகிழ்ந்திருக்கும் பழைய வைப்பாளர். அவர் பொய் சொல்லவில்லை. தமக்கு உண்மையில் நடந்ததையே சொல்கிறார். ஆகவே அவருடைய தங்கையும், தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ அருகில் அமர்பவரும், பணி ஓய்வு பெற்ற நண்பரும் அவரை நம்புகிறார்கள். 1920இல் பாஸ்டன் நகரில் 45 நாட்களில் 50 சதவீத லாபம் தருவதாகக் கூறிய சார்லஸ் பொன்சியின் பெயரால் இன்றும் இம்முறை அழைக்கப்படுகிறது. அவருக்கும் முதலில் லாபம் பெற்றவர்களே சிறந்த விளம்பரமாக அமைந்தார்கள்.

வெளியே செல்லும் பணம் உள்ளே வரும் பணத்தைத் தாண்டும் நாளில் எல்லாம் நின்றுவிடும். கடைசியாகச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் உறவினர் பேச்சைக் கேட்டு வந்தவர்கள், முழு அசலையும் இழக்கிறார்கள். பண இழப்புடன் உறவுகளும் முறிகின்றன.

கைப்பேசி வழியே நடக்கும் முதலீட்டு மோசடிகளிலும் இதே உத்தி உண்டு. வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்ப்பவர்கள், முதலில் போடும் சிறு தொகையை லாபத்துடன் எடுக்க அனுமதிப்பார்கள். அந்த முதல் பட்டுவாடா ஒரு தூண்டில். 2024ஆம் ஆண்டில் இணையக் குற்றங்களால் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய்க்கு மேல் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் இது சுமார் 7,465 கோடி ரூபாய்.

சீட்டு வேறு, வைப்பு வேறு

தமிழ்க் குடும்பங்களுக்கு ஏலச்சீட்டு அந்நியமானதல்ல. வங்கிக் கடன் எட்டாத வீடுகளில் நகை மீட்டதும், பள்ளிக் கட்டணம் கட்டியதும் சீட்டுப் பணத்தில்தான். சட்டப்படி நடக்கும் சீட்டு மோசடியும் அல்ல. ஆனால் ‘சீட்டுக் கம்பெனி’ என்ற பெயருக்குள் இரு வேறு வணிகங்கள் கலக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதங்கள் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாத ஏலத்தில் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளி, 75,000 ரூபாய்க்குச் சீட்டை எடுக்கிறார். தள்ளிய தொகையில் 5,000 ரூபாய் சீட்டு நடத்துபவரின் தரகு. மீதி 20,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000 ரூபாயாகக் கழிகிறது. அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டியது 4,000 ரூபாய். இதில் யாரும் முன்கூட்டியே வட்டியை உறுதி கூறவில்லை. திரட்டிய பணமும் அந்த மாதமே ஓர் உறுப்பினர் கைக்குப் போய்விடுகிறது.

‘எடுத்த சீட்டுப் பணத்தை எங்களிடமே விட்டு வையுங்கள், வட்டி தருகிறோம்’ என்று சொல்லப்படும் நொடியில் அது சீட்டு அல்ல, வைப்பு. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் சீட்டுக்குத் தரும் பாதுகாப்பு எதுவும் அந்தப் பணத்துக்குக் கிடையாது. அச்சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் தொடங்குமுன் முன் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தைச் சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைச் செலுத்த வேண்டும். நடத்துபவரின் தரகு 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. சீட்டு நடத்தும் நிறுவனம், மாநில அரசின் அனுமதியின்றி வேறு தொழில் செய்யவும் கூடாது.

மற்றோர் அளவுகோலும் உண்டு. பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனம்கூட, ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தர முடியாது. ஆகவே 15 சதவீத வைப்பு வட்டி என்று எந்த நிதி நிறுவனமாவது சொன்னால், அது கொடுக்குமா கொடுக்காதா என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. அந்த வாக்குறுதியே விதிகளுக்கு வெளியே நிற்கிறது.

சட்டம் எட்டும் தூரம்

சட்டங்களுக்குக் குறைவில்லை. கர்நாடகத்தில் நிதி நிறுவன வைப்பாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 2004 முதல் உள்ளது. நாடு முழுவதற்குமான முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019இல் வந்தது. அதன்படி அனுமதியற்ற வைப்புத்தொகை பெறுவதே குற்றம். அதற்கு 2 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. பெற்ற பணத்தை மோசடியாகத் திருப்பித் தரத் தவறினால் 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை. முடக்கப்படும் சொத்துகளில் வைப்பாளர்களுக்கு முன்னுரிமையும் உண்டு.

ஆனால் கூட்டாண்மை நிறுவனத்தில் பங்குதாரர் செலுத்தும் மூலதனத்தை இச்சட்டம் வைப்புத்தொகையாகக் கருதுவதில்லை. நேர்மையான தொழில் கூட்டாளிகளுக்கு இந்த விலக்கு அவசியம். எனினும், வைப்பாளரைப் பங்குதாரராக மாற்றிக் கையெழுத்து வாங்குபவர்களும் இதைப் பயன்படுத்தப் பார்ப்பார்கள். எந்தப் பெயரில் பணம் கொடுக்கிறோம் என்பதைப் படித்தறிய வேண்டிய அவசியம் இங்கேதான் எழுகிறது.

அதைவிட முக்கியமான வரம்பு காலம். சட்டம் பெரும்பாலும் நிறுவனம் விழுந்த பின்னரே விழிக்கிறது. விழும்போது அலமாரி காலியாகியிருக்கும், ஏனென்றால் அந்தப் பணம் ஏற்கெனவே பழைய வைப்பாளர்களுக்கு வட்டியாகப் போய்விட்டது. மீதமுள்ள சொத்துகளைக் கண்டறிந்து, முடக்கி, ஏலம் விட்டு, கோரிக்கைகளைச் சரிபார்த்துப் பகிர்வதற்கு ஆண்டுகள் ஆகின்றன. சிறைத்தண்டனை அசலைத் திருப்பித் தராது.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

‘ஒழுங்காகத் தருகிறார்களா?’ என்ற கேள்விக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்பது பாதுகாப்பானது.

முதலாவது, ‘இந்தத் தாளில் நான் யார்?’ சீட்டு உறுப்பினரா, வைப்பாளரா, கடன் கொடுத்தவரா, பங்குதாரரா? வாயால் சொல்வதும் தாளில் இருப்பதும் வேறுபட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். புரியாத மொழியில் இருக்கும் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்த ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ‘இன்றே கையெழுத்துப் போட்டால்தான்’ என்ற அவசரம் நல்ல தொழிலுக்குத் தேவையில்லை.

இரண்டாவது, ‘யாருடைய அனுமதி?’ நிறுவனப் பதிவுச் சான்றிதழ், சரக்கு மற்றும் சேவை வரி எண் ஆகியவை சுவரில் மாட்டப்பட்டிருக்கலாம். அவை பொதுமக்களிடம் பணம் திரட்டுவதற்கான அனுமதி அல்ல. சீட்டு என்றால், சேரப்போகும் குறிப்பிட்ட சீட்டுக்கான முன் அனுமதி ஆணையையும் தொடக்கச் சான்றிதழையும் காட்டச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் சீட்டுப் பதிவாளரின் பணி கூட்டுறவுத் துறையிடமும், தமிழ்நாட்டில் பதிவுத் துறையிடமும் உள்ளது. ஐயம் இருந்தால் அந்த அலுவலகங்களில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். வைப்பு என்றால் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடலாம். அனுமதியின்றிப் பணம் திரட்டுபவர்கள் மீது அங்கேயே புகாரும் அளிக்கலாம்.

மூன்றாவது, ‘நிறுவனம் நாளை இல்லாமல் போனால் யார் தருவார்?’ வங்கி வைப்புக்கு இதற்குத் தெளிவான விடை உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு பெற்ற சீட்டுக்குப் பிணைத்தொகை உள்ளது. ‘எங்கள் வார்த்தைதான் உத்தரவாதம்’ என்பது விடையாகாது.

இவற்றுடன், பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் ரசீதில் உள்ள அதே நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் செலுத்துவது நல்லது. கணக்கு நடத்துபவரின் சொந்தப் பெயரில் இருந்தால் பின்னாளில் நிறுவனத்தின் மீது உரிமை கோருவது கடினம்.

ஏற்கெனவே பணம் போட்டிருந்தால்

தவறாமல் வட்டி பெற்றுவருபவர்களும் இந்த மூன்று கேள்விகளை இன்றே கேட்கலாம். விடை கிடைக்காவிட்டால் வட்டி நிற்கும்வரை காத்திருக்கக்கூடாது. அசலைத் திருப்பிக் கேட்பதே முறை. ‘இன்னும் ஆறு மாதம் இருந்தால் கூடுதல் வட்டி’ என்ற சமாதானம் வந்தால் அதுவே எச்சரிக்கை மணி.

பட்டுவாடா நின்றுவிட்டால், கணக்குப் புத்தகம், ரசீதுகள், வங்கிப் பரிவர்த்தனை விவரம், கைப்பேசிச் செய்திகள் ஆகியவற்றைப் படியெடுத்துப் பாதுகாத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். ‘காவல்துறைக்குப் போனால் உள்ளதும் போய்விடும்’ என்ற அச்சத்தைப் பரப்பிக் காலம் கடத்துவது இத்தகைய நிறுவனங்களின் வழக்கம். பதிவு பெற்ற சீட்டில் எழும் தகராறுகளைச் சீட்டுப் பதிவாளரிடம் கொண்டுசெல்லலாம். இணையவழியில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த மோசடிக்காரர்களே.

லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி, பாணசவாடி எனத் தொடரும் இப்பகுதிகளில் ஓய்வூதியர்களும் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் பிள்ளைகளின் பெற்றோரும் ஏராளம். அறிமுகமானவரின் வார்த்தைதான் இங்கே பலருக்கு முதலீட்டு ஆலோசனை. அந்த அறிமுகத்தைத் துறக்க வேண்டியதில்லை. ஆனால் அறிமுகமானவர் வட்டி வாங்கிய கதையைச் சொல்லும்போது, அவரிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம்: கையில் உள்ள தாள் எது, யார் கொடுத்த அனுமதி, அசலுக்கு யார் பொறுப்பு? விடை தெரியாவிட்டால் அவரும் தம் அசலைக் குறித்து விசாரிக்கத் தொடங்குவார். இரு குடும்பங்களின் சேமிப்பு தப்புவதற்கு அது வழியாகும்.